நான்கு வரி அட்டை

எங்கள் அலுவலகத்தில் செத்துப்போனவர்களுக்குத்தான் மரியாதை. சந்தையை அதன் போக்கில் விடுங்கள், அரசாங்கம் மூக்கை நுழைக்க வேண்டாம் என்று எழுதிவைத்துவிட்டுப் போன பழைய பொருளாதார அறிஞர்கள் அங்கே அலமாரி அலமாரியாக இருக்கிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட எங்களுக்கு நேரமில்லை. மூன்றாம் அலமாரிக்காரர், ஏழாம் அலமாரிக்காரர், அவ்வளவுதான். இன்றைக்கு எந்தச் சண்டை கிளம்பினாலும், வீட்டு வாடகையோ இறக்குமதி வெங்காயமோ, இந்த மனுஷர் இதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று தேடி வெளிர் மஞ்சள் அட்டையில் எழுதித் தருவது என் வேலை. அட்டைக்கு நான்கு வரி. ஐந்தாவது வரியை மேடையில் யாரும் படிப்பதில்லை என்பது எங்கள் மேலாளரின் கண்டுபிடிப்பு. எந்தப் பக்கம் கேட்டாலும் கொடுப்போம். நாங்கள் நடுநிலையாம்!

என் அக்கா தன் வீட்டு முன்னறையில் முடி வெட்டுகிறாள். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, பதினெட்டு வருஷம். அவளும் அவள் மகளும் அந்த நாற்காலியை நம்பித்தான் இருக்கிறார்கள். இப்போது புதிதாக ஒரு விதி வரப்போகிறது: இரண்டு வருஷம் படித்துச் சான்றிதழ் வாங்காதவர் கத்தரியைத் தொடக்கூடாது. கேட்டது பெரிய சலூன்களின் சங்கம். ஐம்பத்தொரு வயதில் அக்கா எந்த வகுப்பில் போய் உட்காருவாள்?

எனக்கு நம்பிக்கை இருந்தது. மூன்றாம் அலமாரிக்காரர் இந்த விஷயத்தில் பொரிந்து தள்ளியிருக்கிறார். உரிமம் வேண்டும் என்று கேட்பவர் வாடிக்கையாளர் அல்ல, ஏற்கெனவே கடை வைத்திருப்பவர்தான் என்று. அதை அட்டையில் எழுதிச் சின்னக் கடைக்காரர்களின் பிரதிநிதியிடம் கொடுத்தேன். "கவலைய விடுக்கா, பெரிய மனுஷர் நம்ம பக்கம்," என்று அக்காவிடம் சொன்னேன்.

விதியை முடிவு செய்யும் அரசாங்கக் குழுவின் விசாரணையும் ஓட்டெடுப்பும் ஒரே மத்தியானத்தில். டிவியில் நேரடியாகக் காட்டினார்கள். அக்கா என்னை நாற்காலியில் உட்காரவைத்துக் கழுத்து வரை துணியைக் கட்டிவிட்டாள். பதற்றம் வந்தால் அவள் கைக்கு ஒரு தலை வேண்டும்.

பிரதிநிதி அட்டையைப் படித்தார். உறுப்பினர்கள் இரண்டு பேர் தலையாட்டினார்கள். கத்தரி நின்றது.

"நல்லா பேசுறாரே. யாருடா அவரு?"

"அவர் செத்து ரொம்ப நாளாச்சுக்கா."

"அதான் நல்லவரா இருக்காரு."

அடுத்து சலூன் சங்கத்து வக்கீல் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். வெளிர் மஞ்சள், எங்கள் மஞ்சள்.

"அதே அறிஞர் சொல்றதக் கேளுங்க," என்று படித்தார். "'வேலை கொடுப்பவருக்கு, செய்பவரின் திறமை முன்கூட்டியே தெரியாது. திறமைக்குச் சான்று ஒன்று இருப்பது அவருக்கு நல்லது.'"

போன வருஷம் நான் எழுதிய அட்டை. யாரோ கேட்டார்கள், எழுதினேன். எதற்கு என்று கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை.

"அதுக்கப்புறம் இருக்கு!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன். "அதுக்கப்புறமும் இருக்குடா, படிடா!"

"ஆடாதே, காது போயிடும்." அக்கா என் தலையை அழுத்திப் பிடித்தாள்.

யாரும் படிக்கவில்லை. கைகளை உயர்த்தினார்கள். ஒன்பதுக்கு இரண்டு. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அமல்.

அக்கா டிவியை அணைத்தாள். கொஞ்ச நேரம் சீப்பை வெறுமனே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் என்ன இருக்கு?"

எனக்கு மனப்பாடம். "'ஆனால் சான்று இல்லாதவரை வேலையே செய்யாதே என்று தடுப்பது அநியாயம். யாரிடம் போவது என்பதை வேலை கொடுப்பவரே முடிவு செய்யட்டும்.'"

"எனக்காகவே சொன்ன மாதிரி இருக்கே. அத ஏன் விட்டே?"

"நாலு வரி முடிஞ்சுபோச்சுக்கா."

அவள் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. கண்ணாடியில் என் தலை வலப்பக்கம் ஒழுங்காகவும் இடப்பக்கம் காடாகவும் இருந்தது. கைகள் துணிக்கு உள்ளே மாட்டிக்கொண்டதால் கண்ணைக்கூடத் துடைக்க முடியவில்லை. அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"போதும்க்கா. எழுந்துக்கிறேன்."

"உக்காரு," என்றாள் அக்கா. "பாதியில விட்டுட்டு இந்த நாற்காலியிலேர்ந்து நான் யாரையும் எழுப்பினதில்ல."

என் தலையை மெதுவாக மறுபக்கம் திருப்பி, வெட்ட ஆரம்பித்தாள்.