பெரியம்மாளின் புது வீடு

சவப்பெட்டி வாசலில் சிக்கிக்கொண்டது. பக்கத்து வீட்டு லாரன்ஸ் சாய்த்துப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான். நுழையவில்லை. பத்துக்குப் பத்து அறையில், துணிமூட்டைக்கும் அடுப்புக்கும் நடுவே கிரேசியின் அப்பா ஆசீர்வாதம் பாயில் கிடந்தார். வெளியே மழை.

"தெருவுலதான் வைக்கணும்க்கா. தார்ப்பாய் கட்டிடலாம்."

கிரேசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மன்னாரிலிருந்து படகேறி வந்த மனுஷன். விருத்தாசலம் அகதி முகாமில் முப்பத்தைந்து வருஷம் ஒழுகும் கூரைக்குக் கீழே கிடந்தவர். செத்த பிறகுமா நனைய வேண்டும்?

"எங்கப்பாவ சேத்துல வைக்க மாட்டேன்டா."

எதிரே புதுக் காங்கிரீட் வீடுகள். போன வாரம்தான் முதல் வரிசைக்குச் சாவி கொடுத்தார்கள். இவர்கள் பெயர் அடுத்த கட்டத்தில். அதற்காக அப்பா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. கட்டட வேலை நடந்தபோது, பீங்கான் கம்பெனி வேலை முடிந்து வந்ததும், அங்கே பூசிய சுவருக்கெல்லாம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார். "ஒன் வூடா பெருசு?" என்று மேஸ்திரி சிரிப்பான். "ஆருடைய வீடெண்டா என்ன, சுவர் குடிக்கட்டும்" என்பார். அப்படி ஒரு பைத்தியம். அப்படி ஒருத்தரை இந்த முகாம் இனி எங்கே பார்க்கப் போகிறது?

எதிரே ஒரு வீட்டுக்குச் சாவி வாங்கியிருந்த பெரியம்மாள் நனைந்துகொண்டே வந்தாள். அதே படகில் வந்தவள்.

"எங்க வூட்டுக்குக் கொண்டாங்க."

"அத்தை, நீங்களே இன்னும் குடி போகல. தை மாசம் நாள் பாத்து வச்சிருக்கீங்க. மொதமொதல்ல சாவையா..." என்று தடுத்தாள் கிரேசி.

"யம்மா!" பின்னால் அவள் மகன் பிரவீன்குமார் பல்லைக் கடித்தான்.

பெரியம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாள் பாத்தா படகு ஏறுனோம்? அண்ணன் தண்ணி ஊத்துன செவுருடா இது. அவரு படுத்தா என்ன கொறஞ்சிடப் போவுது? தூக்குங்க."

சுண்ணாம்பு வாசனை மாறாத கூடத்தில் பெட்டியைத் தாராளமாக வைக்க முடிந்தது. சுற்றிலும் உட்கார இடமிருந்தது. முகாமில் ஒரு சாவுக்கு எல்லோரும் உள்ளே உட்கார்ந்து அழுதது அதுதான் முதல் தடவை. கிரேசியும் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

சாயங்காலம் கல்லறையிலிருந்து திரும்பியதும், தரையைக் கழுவிவிட விளக்குமாற்றோடு போனாள். பெரியம்மாள் முன்பே கழுவி முடித்திருந்தாள்.

"காலையிலேர்ந்து பட்டினி. ஒக்காரு, டீ போடறேன்."

பழைய அறையிலிருந்து கொண்டுவந்திருந்த அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பெரியம்மாள் உடனே இறக்கவில்லை. ஒரு நொடி நின்று, கிழக்கே பார்த்துக் கும்பிட்டாள். பிறகு தீயைக் குறைத்து டீத்தூளைப் போட்டாள்.