குழாய் காட்டிய தண்ணீர்

தங்கை வாயைத் திறந்தால் அண்ணன் புராணம்தான். கல்யாணமாகிப் போன வீட்டில் யார் எதைப் பேசினாலும் பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் ‘எங்க அண்ணன்’ என்று வந்து நிற்கும். கரண்ட் போனால் அண்ணன், கதவு இறுகிக்கொண்டால் அண்ணன். உங்க அண்ணனுக்கு ஒரு சிலை வைப்பதுதான் பாக்கி என்று அவள் கணவன் ஒருமுறை கிண்டல் செய்தான். அவள் சிரிக்கவில்லை. வைத்தால்தான் என்ன என்று கேட்டாள். அதனால் இந்தக் கதையிலும் அவனை அண்ணன் என்றே சொல்லிவிடலாம். அந்தப் பட்டத்துக்கு அவன் எவ்வளவு தகுதி என்பது போகப் போகத் தெரியும்.

அண்ணனுக்கு வேலை, நிலத்தடியில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது. மந்திரம் மாயம் ஒன்றும் இல்லை. ஒரே நேர்கோட்டில் நான்கு எஃகு முளைகளைத் தரையில் அடிப்பார்கள். வெளியே உள்ள இரண்டின் வழியாக மண்ணுக்குள் மின்சாரம் அனுப்பி, உள்ளே உள்ள இரண்டில் மிஷின் வைத்து மண்ணின் தடையை அளப்பார்கள். வெளி முளைகளைத் தள்ளித் தள்ளி அடிக்க, மின்சாரம் மேலும் மேலும் ஆழத்துக்கு இறங்கும். காய்ந்த பாறை அதை மறிக்கும். வெடிப்பு விட்டு ஈரம் கோத்த பாறை வழிவிடும். எந்த ஆழத்தில் தடை குறைகிறதோ அங்கே தண்ணீர் இருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான். ஏனென்றால் மண்ணுக்குள் ஓர் இரும்புக் குழாய் கிடந்தாலும் மின்சாரம் சுகமாக அதன் வழியே ஓடி மிஷினை ஏமாற்றிவிடும். ஆகவே முளை அடிக்கும் முன் வீட்டுக்காரர்களிடம் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: இங்கே பூமிக்குள் ஏதாவது புதைத்திருக்கிறீர்களா? அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அண்ணன் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே இதுதான். கேட்காமல் வந்த ஒருவரை எல்லார் முன்னாலும் நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறான்.

தங்கை வீட்டில் நாற்றுப் பண்ணை வைத்திருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் வரிசை வரிசையாகக் கறுப்புப் பைகளில் செடிகள். லாரித் தண்ணீரை நம்பித்தான் பிழைப்பு. லாரி வராத அன்று செடிகளோடு வீட்டில் எல்லாருடைய தலையும் தொங்கிவிடும். கடைசியில், இருந்ததையெல்லாம் திரட்டி ஒரு போர்க் கிணறு போட்டுவிடுவது என்று முடிவானது. ஒன்றுதான், தப்பினால் இன்னொன்றுக்கு வழியில்லை. தங்கையின் கணவன் வேறொரு சர்வேக்காரரிடம் பேசியும் வைத்திருந்தான். தங்கைதான் குறுக்கே விழுந்தாள். வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வெளியாள் எதற்கு, தண்ணீர் வராவிட்டால் என்னைக் கேளுங்கள் என்று மாமியாருக்கு நேராக நின்று சொன்னாள்.

அண்ணன் மிஷினோடு வந்து இறங்கிய அன்று உபசாரம் தடபுடலாக இருந்தது. வெயிலில் அவனுக்கு ஒரு நாற்காலி, அதன் மேல் ஒரு குடை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மதிலுக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பண்ணையில் நீளமாக நேராக முளை அடிக்க வசதியாக இருந்தது மதிலோரத்து மண் பாதை மட்டும்தான். மற்ற இடமெல்லாம் செடிப் பைகள். பைகளை நகர்த்தச் சொல்லிக் குறுக்கேயும் ஒரு கோடு பார்த்திருக்கலாம். அதற்கு நேரமாகும், வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. அண்ணன் மதிலோரத்தையே தேர்ந்தெடுத்தான்.

காய்ந்த மண்ணில் மின்சாரம் இறங்க முளைகளின் அடியில் உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தங்கை வாளியும் குவளையுமாகக் கூடவே நடந்தாள். பின்னாலேயே மாமியாரும் வந்தார்.

“தம்பி, அந்த மதிலோரம் முன்னாடி என்னன்னா…” என்று ஆரம்பித்தார்.

“அத்தை, நீங்க ஒண்ணுமே சொல்ல வேண்டாம். எல்லாத்தையும் மிஷினே சொல்லும்” என்றான் அண்ணன்.

எல்லாரும் சிரித்தார்கள். தங்கைக்குத்தான் பெருமை தாங்கவில்லை. மாமியாரும் சிரித்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

கேட்க வேண்டிய கேள்வி அண்ணனுக்குத் தொண்டை வரை வந்தது. ஆனால் எல்லாம் தெரிந்தவன் என்று தங்கை தூக்கி நிறுத்தி, அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. கூச்சம் என்பது மரியாதைக்குச் சொல்வது. தலைக்கனம் என்று சொல்வதுதான் சரி.

மிஷின் அருமையாகச் சொன்னது. முளைகள் தள்ளிப்போகப் போக, தடை படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்தது. இவ்வளவு அழகான இறக்கத்தைப் பார்த்து வருஷக்கணக்காகிறது என்று அவனே சொன்னான். அவ்வளவு அழகாக இருந்ததற்காகவே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பாதையின் நடுவில் ஒரு கல்லை நட்டு, இங்கே போடுங்கள் என்று சொல்லிவிட்டு, கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தான்.

போர் வண்டி வந்த நாளில் காலையிலேயே தங்கை வாசலைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். வண்டி ஆட்கள் கல்லைப் பிடுங்கிவிட்டுத் துளை போட ஆரம்பித்தார்கள். வீடே அதிர்ந்தது. அலமாரியில் தட்டுகள் கிடுகிடுவென்று ஆடின. வெள்ளைப் புழுதி கிளம்பிச் செடிகளின் மேலெல்லாம் மாவு போலப் படிந்தது. முதலில் புழுதி வருவது வழக்கம்தான் என்று அண்ணன் எல்லாருக்கும் விளக்கினான்.

வண்டி ஆள் ஒருவர், தண்ணீர் பீறிட்டால் செடிகளை அடித்துக்கொண்டு போய்விடுமே என்று, மண்வெட்டியால் பாதையோரமாகச் சின்ன வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். டங்கென்று ஒரு சத்தம். மண்ணை ஒதுக்கிப் பார்த்தார். துருப்பிடித்த இரும்புக் குழாய். மதிலோரமாக, அண்ணன் முளை அடித்த அதே கோட்டில், இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை போகிறது போலிருந்தது. பழசு ஏதோ கிடக்கு என்று சொல்லி அவர் வாய்க்காலைச் சற்றுத் தள்ளி வெட்டினார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அண்ணன் பார்த்தான். அந்த இடத்திலேயே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அன்று மின்சாரம் தண்ணீரில் ஓடவில்லை, இதில் ஓடியிருக்கிறது. அந்த அழகான இறக்கம் இந்தத் துருப்பிடித்த குழாயின் அழகு.  நிறுத்துங்கள் என்று கத்த வேண்டிய நேரம் அதுதான். அவன் என்ன செய்தான் தெரியுமா? காலால் கொஞ்சம் மண்ணைத் தள்ளிக் குழாயை மூடினான். யோசித்துச் செய்யவில்லை, கால் தானாகவே செய்தது என்று பின்னால் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். அதை அவனாலேயே நம்ப முடியவில்லை.

அண்ணன் குறித்துக்கொடுத்த ஆழம் வந்தது. புழுதிதான். அதைத் தாண்டியும் புழுதிதான். தங்கையின் கணவன் முகம் கறுத்துப்போய், போதும், நிறுத்திவிடலாம் என்றான். தங்கை ஒப்புக்கொள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் போகட்டும், எங்க அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கணவனிடம் மன்றாடினாள். பிறகு மாமியாரிடம் போய் மன்றாடினாள். வண்டிக்காரர் அண்ணனைப் பார்த்து, “நீங்க சொல்லுங்க சார். இறக்கவா, நிறுத்தவா?” என்று கேட்டார்.

“கொஞ்சம் பார்க்கலாம்” என்றான் அண்ணன்.

அந்த இரண்டு வார்த்தைகளை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்கு உடம்பு கூசுகிறது. பாறைக்குள் எங்காவது, தற்செயலாக, ஒரு வெடிப்பாவது இருந்துவிடாதா, குழாயைப் பற்றிச் சொல்லாமலே தப்பிவிட மாட்டோமா என்ற நப்பாசை. அவனுடைய நப்பாசைக்கு அந்த வீட்டின் சேமிப்பு, துளையிடும் கம்பிகளோடு கம்பி கம்பியாகப் பூமிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

பிற்பகல் வரை இறங்கியது. தங்கை புழுதிக்குள்ளேயே போய் நின்றாள். தலைமுடி, புருவம் எல்லாம் வெளுத்துவிட்டது. துளையின் ஓரத்தில் குவிந்த தூளை ஒரு கை அள்ளிக் கசக்கிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. கையை மூடியபடியே ஓடி வந்து அண்ணன் முன்னால் விரித்தாள்.

“பாருண்ணா, ஒட்டுது. ஈரம்தானே இது? நீயே சொல்லு இவங்ககிட்ட.”

அண்ணன் பார்த்தான். உள்ளங்கை ரேகைகளில் தூள் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. வெயிலிலும் பயத்திலும் வேர்த்த கை. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அது உன் கை வேர்வைம்மா” என்றான்.  காலால் மண்ணை விலக்கிக் குழாயைக் காட்டினான். “இங்க தண்ணி இல்ல. அன்னைக்கு மிஷின் காட்டினது இதோ இந்தக் குழாயை. நான் கேட்டிருக்கணும். கேக்கல.”

வண்டிக்காரர் தானாகவே வண்டியை நிறுத்தினார்.  தங்கையின் கணவன் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

“குழாய் போட்டது உங்க அப்பாதான்டா. பழைய கிணத்துலேர்ந்து வீட்டுக்கு வந்த லைன். கூட இருந்து மண்ணு தள்ளினது நானு. தம்பிகிட்ட நான் சொல்லியிருக்கணும், எனக்கு மறந்துபோச்சு.”

அவர் மறக்கவில்லை. சொல்லத்தான் வந்தார். அது அங்கே மூன்று பேருக்காவது தெரியும்: சொல்ல வந்தவருக்கு, வாயை அடைத்தவனுக்கு, அதைக் கேட்டு எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவளுக்கு. இல்லை அத்தை, நீங்கள் சொல்ல வந்தீர்கள் என்று இப்போதாவது அவன் சொல்லியிருக்க வேண்டும்.  அந்த அம்மாள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

தங்கை தொட்டியடிக்குப் போய்க் கை கழுவினாள். அண்ணன் பின்னாலேயே போய் நின்றான்.

“குழாய் எப்பத் தெரிஞ்சுது உனக்கு?” என்று திரும்பாமலே கேட்டாள்.

“காலையில. வாய்க்கால் வெட்டும்போது.”

அவள் கைகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். “தப்பாச் சொன்னது பரவாயில்ல, யாருக்கும் வரும். நான் ஒவ்வொருத்தர் கிட்டயா போய்க் கெஞ்சிட்டிருந்தேன். நீ பார்த்துட்டு நின்னியே.”

  சாக்குச் சொல்வதில் சளைக்காத அண்ணன், தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு அவள் கையில் ஊற்றினான்.

மறுநாள் விடிந்ததும் அவனே செடிப் பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி நகர்த்தினான். மாமியாரிடம் போய், “அத்தை, இந்த மண்ணுக்குள்ள என்னென்ன இருக்கு, சொல்லுங்க” என்று கேட்டான். அவர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. நடந்து நடந்து எல்லாவற்றையும் காட்டினார்: பழைய குழாய் எங்கே திரும்புகிறது, மூடிய கிணறு எங்கே, இடித்த கொட்டகையின் அஸ்திவாரம் எது. அவற்றையெல்லாம் விட்டு விலகி, நீளத்தில் ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று அண்ணன் பார்த்தான். உப்புத் தண்ணீரை அவனே ஊற்றிக்கொண்டான். மிஷின் இந்த முறை அழகாக ஒன்றும் சொல்லவில்லை. தயங்கித் தயங்கி, பண்ணையின் மேல்கோடியில் ஓர் இடத்தைக் காட்டியது. இரண்டாவது போரின் செலவு தன்னுடையது என்று அண்ணன் சொன்னான். யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை.

இன்னும் கிளம்பாமல் நின்ற போர் வண்டி மேல்கோடிக்கு நகர்ந்தது. அன்று மாலை தண்ணீர் வந்தது. முதலில் புழுதி சேறாகி, பிறகு சேறு கரைந்து, ஆள் உயரத்துக்குப் பீறிட்டது. தங்கையின் கணவன் எல்லாவற்றையும் மறந்து, “மச்சான், வந்துடுச்சு மச்சான்” என்று அண்ணன் தோளைப் பிடித்து உலுக்கினான். மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தங்கை நனைந்து சிரித்துக்கொண்டு நின்றாள். அவள் சிரிப்பைப் பார்த்ததும், போகட்டும், எல்லாம் சரியாகிவிட்டது என்று அண்ணனுக்கு நெஞ்சு லேசானது. முளைகளில் ஒட்டிய மண்ணைத் துணியால் துடைத்துப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தான்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மாள் மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள். தங்கள் வீட்டிலும் ஒன்று போட வேண்டும் என்றாள். இவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்த்துச் சொன்னது யார் என்று கேட்டாள்.

அண்ணன் கை தானாக நின்றது. இந்தக் கேள்விக்குத் தங்கை என்ன சொல்வாள் என்பது ஊருக்கே தெரியும்.

தங்கை முகத்திலிருந்த தண்ணீரை வழித்துவிட்டுக்கொண்டாள். “சர்வேக்காரர் ஒருத்தர் வந்திருக்காரு. வேணும்னா நம்பர் வாங்கித் தரேன்” என்றாள்.

அண்ணன் கடைசி முளையை இன்னொரு முறை துடைத்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.