எறும்புக்குப் போட்ட ரவை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் கொடைக்கானலில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தேன். சாப்பிட்டேன், தூங்கினேன், சொன்ன வேலையைச் செய்தேன். அவ்வளவுதான். மனசு மரத்துக் கிடந்தது.

வடகவுஞ்சி கிராமத்துச் சுந்தராம்பாளுக்கு ஏழாம் மாசத்திலேயே ஆண்பிள்ளை பிறந்துவிட்டது. எடை மூன்று ராத்தல்கூட இல்லை. கணப்பு உள்ள அறை எங்களிடம் ஒன்றே ஒன்று. அதில் வெந்நீர்ப் பைகளுக்கு நடுவே கிடத்தியிருந்தோம். அந்த அறைக்குத்தானா எறும்பு வரவேண்டும்! தொட்டில் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால், சுவரேறி கொசுவலைக் கயிறு வழியாக இறங்கியது. டாக்டரம்மா ஒரு வாரம் கெடு வைத்தார். அதற்குள் போகாவிட்டால் டி.டி.டி. பூச்சிமருந்து அடிக்க வேண்டும், பிள்ளையை வெளிவார்டுக்கு மாற்ற வேண்டும். மார்கழிக் குளிரில் அந்தப் பிள்ளை ஓர் இரவு தாங்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கண்ணில் படுவதை நசுக்குவதெல்லாம் வெட்டி வேலை. கூட்டுக்குள் ராணி இருக்கும்வரை வந்துகொண்டேதான் இருக்கும். சர்க்கரைப் பாகில் போரிக் பொடியைத் துளியூண்டு கலந்து வழியில் வைத்தேன். அதிகம் போட்டால் வழியிலேயே சாகும். கொஞ்சமாகப் போட்டால் கூடுவரை கொண்டுபோய் எல்லாவற்றுக்கும் ஊட்டும்.

பாகை அவை சீண்டக்கூட இல்லை. வேறெங்கோ வயிறு நிறைகிறது என்று அர்த்தம். வாயில் இரையோடு போகிறவை எங்கிருந்து வருகின்றன என்று குனிந்தபடியே தேடிப் போனேன். ஜன்னலுக்கு வெளியே சுந்தராம்பாள் குந்தியிருந்து, ரவையும் சர்க்கரையும் தூவிக்கொண்டிருந்தாள். ஆயிரம் வாய்க்குப் போட்டால் தன் பிள்ளையின் ஒரு வாய் பிழைக்கும் என்று வேண்டுதலாம்.

தடுத்தால் ஒளித்துப் போடுவாள். அவள் குளிக்கப் போனபோது ரவைப் பொட்டலத்தில் நானே பொடியைக் கலந்துவிட்டேன். மறுநாள் அவள் தூவத்தூவ எறும்புகள் தூக்கிக்கொண்டு ஓடின. பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஆறாம் நாள் அறையில் ஒன்றுகூட இல்லை. மருந்தடிக்க வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பிள்ளை கதகதப்பிலேயே கிடந்து பாலைச் சப்பத் தொடங்கியிருந்தது. சுந்தராம்பாளோ ஜன்னலுக்கு வெளியே அழுதுகொண்டிருந்தாள். ரவை போட்டது போட்டபடி கிடந்தது.

"எறும்புகூடத் தொட மாட்டேங்குதுக்கா. எம்புள்ள தங்காதுன்னுதானே?"

பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "ரவையில நான் பொடி கலந்தேன். எல்லாம் செத்துப்போச்சு. ஒம்புள்ள நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

திட்டுவாள் என்று நின்றேன். அவள் திட்டவில்லை. தன் உள்ளங்கையையே பார்த்தாள்.

"எங்கையால போட்டதுக்கா. அந்தப் பாவம் எம்புள்ளைக்குத்தானே வரும்?"

"கலந்தவ நானு. எனக்குத்தான் வரும். எனக்கிருந்த ரெண்டும் போன வைகாசியிலயே அம்மை கண்டு போயிருச்சுக. இனி வந்து என்னத்த எடுத்துட்டுப் போவப்போவுது?"

அவள் முகம் தெளிந்துவிட்டது. அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பிள்ளையிடம் போனாள்.