ரோட்டைத் தாண்டுகிற பஸ்

வில்மா லிண்ட்னர் பிடித்து நடக்கிற வாக்கரைத் தள்ளிக்கொண்டு ஆபீசுக்குள் வந்தபோது, எம்.எல்.ஏ. கெரின் ஹாலோரனின் வாயில் கறி அடைத்த மீட் பை பாதி இருந்தது. எம்.எல்.ஏ. சாப்பிட உட்காரும் நேரம் பார்த்துத்தான் ஜனங்களுக்குக் குறை ஞாபகம் வரும். பதவிக்கு வந்த முதல் மாதமே கெரின் கற்றுக்கொண்ட பாடம் அது. மென்றபடியே நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காந்தா எந்திரிக்க ரெண்டு ஆள் வேணும். நின்னே சொல்றேன்," என்றாள் வில்மா. "பஸ் ரூட்டை வெட்டிட்டாங்க."

"எந்த பஸ்?"

"இந்த ஹாலம் பார்க் ஊர்ல எத்தன பஸ் ஓடுது, நீ எந்த பஸ்னு கேக்க?"

ஆபீஸ் கோழிக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் இருந்தது. வெயில் ஏறினால் ஒரு பக்கம் கோழி வாசனை, மறுபக்கம் இருமல் மருந்து வாசனை. உதவியாளர் டீகன் கணினியை விட்டு நிமிர்ந்து பார்த்தாள். வில்மா வந்தால் வேலை நிற்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். வில்மாவின் வீடு பிரிட்சார்ட் ரோட்டின் இந்தப் பக்கம், அரசாங்க வீட்டு வரிசையில். அவள் புருஷன் கிளாரி இருப்பது அந்தப் பக்கம், முதியோர் இல்லத்தில். நடுவில் ஆறு வரிசையாக வண்டிகள் போகும். பாதி, துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள். எழுபத்தொன்பது வயதில், இரண்டு முழங்காலும் மாற்றிய கால்களோடு அதைத் தாண்ட முடியாது. அதனால் வில்மா தினமும் காலை பத்தே காலுக்கு வீட்டு வாசலில் பஸ் ஏறுவாள். பஸ் டயர் கடை தாண்டி, கல்லறைத் தோட்டம் தாண்டி, ரவுண்டானாவில் திரும்பி, அதே ரோட்டின் அந்தப் பக்கமாக வந்து முதியோர் இல்லத்து வாசலில் அவளை இறக்கிவிடும். இருபத்தைந்து நிமிடம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற பிரயாணம்.

"ஏப்ரல் ஒண்ணாம் தேதியிலேருந்து பஸ் திரும்பாதாம். கல்லறைகிட்டேருந்து நேரா ஹைவேக்குப் போயிடுமாம். அப்புறம் நான் கிளாரியை எப்படிப் பாக்கறது? என் சமையலறை ஜன்னல்ல நின்னா அவர் ஜன்னல் தெரியுது. டீ டவலை எடுத்து ஆட்டிப் பாத்தேன். யாரோ துணி உதறுறாங்கன்னு நெனச்சு டிவி பாக்கப் போயிட்டார்."

டீகன் சிரித்துவிட்டாள். வில்மா சிரிக்கவில்லை.

"சிரி கண்ணு, சிரி. அம்பத்தாறு வருஷம் கட்டிக்கிட்டு அழுத ஆளு. கடைசி காலத்துல டீ டவல் ஆட்டணுமாம்."

அந்த இடத்தில் பாதசாரி சிக்னல் கேட்டு கெரின் ஏற்கெனவே மூன்று கடிதம் போட்டிருந்தாள். சட்டசபையில் இரண்டு முறை பேசியும் இருந்தாள். கேட்டவர்கள் இருவர், அதில் ஒருவர் தூங்கினார். சாலைத் துறை ஒவ்வொரு முறையும் ஒரே பதில் அனுப்பியது: மணிக்கு இருபது பேராவது அங்கே ரோட்டைத் தாண்டினால்தான் சிக்னல். போன வருடம் ஆள் வைத்து எண்ணியபோது மூன்று மணி நேரத்தில் ஒரே ஒருவன் தாண்டினான். அதுவும் ஓடினான்.

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை. தாண்ட முடியாது, அதனால் யாரும் தாண்டுவதில்லை. யாரும் தாண்டுவதில்லை, அதனால் தாண்ட வழி வேண்டாம்.

கெரின் துறைக்குப் போன் போட்டாள். நாற்பது நிமிடம் காத்திருப்புப் பாட்டுக் கேட்டாள். கடைசியில் ஒரு ஆள் கிடைத்தான். அடுத்த வியாழக்கிழமை மறுபடி எண்ணச் சம்மதித்தான்.

போனை வைத்ததும் டீகன் சொன்னாள், "நூறு பேரைக் கூட்டிட்டு வந்து குறுக்கயும் நெடுக்கயும் நடக்க விட்டா முடிஞ்சுது."

"நூறு பேர்ல ஒருத்தர் லாரியில அடிபட்டா?"

"சிக்னல் கண்டிப்பா கிடைக்கும்."

"வாயை மூடுடி."

ஆனால் யோசனை உள்ளே உட்கார்ந்துவிட்டது. அரசியலுக்கு வருமுன் கெரின் பதினாறு வருடம் பள்ளிக்கூட கேன்டீன் நடத்தியவள். சாப்பாட்டு வாசனை வந்தால் கூட்டம் தானாக வரும் என்பதில் அவளுக்கு உறுதியான நம்பிக்கை. யாரையும் நடக்கச் சொல்லவேண்டாம். அந்தப் பக்கம் அடுப்பு வைத்து சாசேஜ் சுட்டால் போதும். லாரிகள் குறைகிற பத்து மணிக்கு மேல் வைப்போம், வருகிறவர்கள் பார்த்து வரட்டும் என்று முடிவு செய்தாள். சரியான முடிவா என்றால், இல்லை. ஆனால் அவளிடம் வேறு முடிவு இல்லை.

வியாழக்கிழமை வந்தது. துறை அனுப்பிய ஆள் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, ரோட்டின் இந்தப் பக்கம் மடக்கு நாற்காலியில் தொப்பியோடு உட்கார்ந்தான். கையில் ஒரு எண்ணும் கருவி. கெரின் அந்தப் பக்கம் முதியோர் இல்லத்து வாசலில் ஏப்ரன் கட்டி நின்றாள். வெங்காயம் வதங்கியது. வாசனை ஆறு வரிசை வண்டியையும் தாண்டிப் போயிருக்க வேண்டும்.

பத்து மணி. யாரும் வரவில்லை. பத்தரை. இல்லை.

பத்து நாற்பதுக்கு பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. முதலில் ஒரு வாக்கர் இறங்கியது, பின்னால் வில்மா. அவளுக்குப் பின்னால் இன்னொரு வாக்கர். கைத்தடி. சக்கர நாற்காலி. வயசானவர்கள் புல்தரையில் பந்து உருட்டுகிற பௌலிங் கிளப்பின் பாதிப்பேர். டிரைவர் ஹர்ஜீத் சரிவுப் பலகையை இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கி, நெற்றியைத் துடைத்தான்.

"முப்பத்தெட்டு பேர் மேடம்," என்றான். "இந்த வழியில நான் இவ்வளவு கூட்டம் பாத்ததே இல்ல. கிறிஸ்துமஸா?"

ஹாலம் பார்க் ஜனங்கள் சாசேஜுக்காகச் சாகிற ஜாதி இல்லை. ரோட்டைத் தாண்ட வேண்டுமென்றால் பஸ் ஏறவேண்டும். அவர்களுக்கு அது பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தைத் தவிர மற்றதையெல்லாம் கெரின் கணக்கில் எடுத்திருந்தாள்.

மதியம் எண்ணி முடிந்ததும் அவள் ரோட்டைத் தாண்டி மஞ்சள் சட்டைக்காரனிடம் போய் நின்றாள். "எத்தன?"

"மூணு."

"மூணா?"

"அதுல ரெண்டு நீங்கதான். எனக்கு சாசேஜ் கொண்டுவந்தீங்க, திரும்பிப் போனீங்க. அது ரெண்டு." கருவியைக் காட்டினான். "வெங்காயம் நல்லா இருந்துச்சு."

"மூணாவது யாரு?"

"யாரோ ஒரு பையன். ஸ்கேட்போர்டு."

"அந்த பஸ்ல முப்பத்தெட்டு பேர் வந்தாங்களே, அவங்க ரோட்டைத் தாண்டினாங்களா இல்லையா?"

அவன் உண்மையாகவே யோசித்தான். நல்ல பையன். "தாண்டினாங்க. ஆனா படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லீங்க."

கெரின் ஏப்ரனைக் கழற்றித் தோளில் போட்டாள். திரும்பும்போது ரோட்டைத் தாண்டவில்லை. பஸ் ஏறினாள். அடுப்பு இருக்கிற அந்தப் பக்கத்துக்கு இருபத்தைந்து நிமிடச் சுற்று. டயர் கடை கண்ணில் பட்டபோது அவளுக்கு விஷயம் விளங்கிற்று. எண்ணுகிறவன் மீது கோபப்பட்டு என்ன? கட்டம் போடுகிறவனைக் கொண்டுவந்து ரோட்டோரம் நிறுத்தவேண்டும்.

சாலை மந்திரி அலிஸ்டர் ப்ரூயின் அவளுடைய கட்சிதான். அடுத்த செவ்வாய் பௌலிங் கிளப்பின் புதுக் கழிப்பறையைத் திறக்க வருவதாக ஏற்பாடு. கழிப்பறையோ கல்யாணமோ, போட்டோ உண்டென்றால் மனிதர் வந்துவிடுவார். கெரின் நிகழ்ச்சி நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தாள்: திறப்பு முடிந்ததும் எதிர்ப்பக்க முதியோர் இல்லத்தில் தேநீர்.

செவ்வாய்க்கிழமை ரிப்பன் வெட்டியாயிற்று. மந்திரி குழாயைத் திறந்து பார்த்தார், தண்ணீர் வந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். வெளியே வந்ததும் காரைத் தேடினார்.

"கார் எதுக்கு? அதோ, எதிர்லதான்," என்றாள் கெரின். "உங்க டிரைவர் பாவம், கிளப்புல மீட் பை சாப்பிட்டுட்டு இருக்கார். நடந்தே போயிடலாம்."

"ஓ, நடக்கலாமே. எனக்கு நடக்கப் பிடிக்கும்."

ரோட்டோரம் வந்து நின்றார்கள். லாரி போயிற்று. இன்னொரு லாரி. மூன்று கார், ஒரு சிமென்ட் கலவை வண்டி, மறுபடி லாரி. மந்திரியின் டை தோளுக்குப் பின்னால் பறந்தது. ஒரு முறை ஒரு காலை எடுத்து வைத்தார். ஹாரன் கேட்டு இரண்டு காலையும் பின்னால் வைத்தார். டீகன் போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தாள். ஐந்து நிமிடம். எட்டு. பதினொன்று.

"எப்பவும் இப்படித்தானா?"

"இல்ல. இன்னிக்குப் பரவாயில்ல."

பின்னாலிருந்து வாக்கர் சத்தம் கேட்டது. "ஏம்பா," என்றாள் வில்மா. "தாண்டணுமா? அப்ப இங்க ஏன் நிக்கிற? பஸ் வருது பாரு."

பஸ்ஸில் அன்றைக்கும் கூட்டம்தான். ஹர்ஜீத் மந்திரியை மேலும் கீழும் பார்த்தான். "ரோட்டைத் தாண்டவா சார்? உள்ள தள்ளி நில்லுங்க."

மந்திரியிடம் பஸ் கார்டு இல்லை. "பாவம் விடுப்பா, ஆள் புதுசு," என்று வில்மா சிபாரிசு செய்தாள். டயர் கடை வந்தது. போயிற்று. கல்லறை வந்தது. "இங்க இறங்கறவங்களும் உண்டு, திரும்பி ஏற மாட்டாங்க," என்றது பின் சீட்டில் ஒரு குரல். பஸ்ஸே சிரிப்பில் குலுங்கியது. மந்திரியும் சிரித்தார், அந்தச் சிரிப்பு ரவுண்டானா வரைக்கும்தான் நீடித்தது.

"ஒண்ணாம் தேதிக்கு அப்புறம் இங்க திரும்ப மாட்டேன் சார்," என்றான் ஹர்ஜீத் கண்ணாடியில் பார்த்தபடி. "உங்க ஆபீஸ் உத்தரவு."

வில்மா மந்திரியின் முழங்கையைத் தட்டினாள். "நான் தினம் இப்படித்தான் வரேன். என் புருஷன் அங்க இருக்கார். நீ பஸ்ஸை எடுத்துட்டா, ஒண்ணு நான் அவரைப் பாக்காம இருக்கணும், இல்ல வாக்கரோட லாரிக்கு முன்னால இறங்கணும். ரெண்டுல எதுன்னு நீயே சொல்லிடு. நான் எழுதி வெச்சுக்கறேன்."

சொல்வதற்கு எதுவும் இல்லாதபோது வாயை மூடிக்கொண்ட மந்திரியை கெரின் முதல் தடவையாகப் பார்த்தாள். கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

"உங்களையும் சேத்து இப்ப முப்பத்தோரு பேர் ரோட்டைத் தாண்டறாங்க, அலிஸ்டர்," என்றாள் மெதுவாக. "உங்க துறைக் கணக்குல சைபர்."

அவர் அவள் காதருகே குனிந்தார். "இது நீ போட்ட நாடகம்தானே?"

"ரோடு உங்களுது. பஸ்ஸும் உங்களுது. நான் டீ மட்டும்தான் போட்டேன்."

பஸ் நின்றது. இருபத்தாறு நிமிடம். தேநீர் ஆறிப்போயிருந்தது.

பதினைந்து நாளில் உத்தரவு வந்தது. சிக்னல் வரும்; வருகிற வரை பஸ் ரவுண்டானாவில் திரும்பும். செய்திக்குறிப்பில் மந்திரியின் பெயர் நான்கு இடத்தில் இருந்தது, கெரினின் பெயர் எங்கேயும் இல்லை. அதற்கடுத்த வாரம் சாலைக் குழுவிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். பறவைகள் சரணாலயக் குழுவில் போட்டார்கள். டீகன் கொதித்தாள். கெரின் தோளைக் குலுக்கினாள். பறவைகள் கடிதம் போடாது.

அக்டோபரில் கம்பம் நட்டார்கள். சிக்னல் எரிந்த முதல் நாள் காலை பத்தே காலுக்கு வில்மா பட்டனை அமுக்கினாள். பக்கத்தில் கெரின். லாரிகள் மூச்சு விட்டு நின்றன. நடப்பவர்களுக்கான விளக்கில் பச்சை மனிதன் வந்தான். வில்மா நடந்தாள். நான்காவது வரிசையில் இருக்கும்போதே சிவப்பு மினுங்க ஆரம்பித்தது. அவள் வேகத்தைக் கூட்டவில்லை. லாரிக்காரன் கைகட்டிக் காத்திருந்தான்.

"நேரம் பத்தல," என்றாள் அந்தக் கரையில் ஏறியதும். "திங்கக்கிழமை ஆபீசுக்கு வரேன்."

"சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடுங்க," என்றாள் கெரின்.

கிளாரி ஜன்னலோரம் குதிரைப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் அவருக்குத் தடை போட்டிருந்த லாமிங்டன் கேக். வில்மாவைப் பார்த்ததும் அதைப் போர்வைக்குள் தள்ளினார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்து இருபதுதானே ஆகுது? பஸ் இன்னும் வரலையே. நீ எப்படி வந்த?"

"நடந்து."

"பொய் சொல்லாத. லாரியெல்லாம்?"

"நிறுத்தினேன்."

"நீயா?"

"பட்டனை அமுக்கினேன். நின்னுது."

கிளாரி கெரினைப் பார்த்தார், சாட்சி கேட்கிற மாதிரி. கெரின் தலையாட்டினாள். கிழவர் தாடையைத் தேய்த்தார். ஐம்பத்தாறு வருடம் இவளோடு குடித்தனம் நடத்தியவர், எளிதில் நம்பமாட்டார்.

"எங்க, மறுபடி செஞ்சு காட்டு."

வில்மா வாக்கரைத் திருப்பினாள். அவள் வாசலுக்குப் போய்ச் சேர நான்கு நிமிடம் ஆயிற்று. இருவரும் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். அவள் கம்பத்தருகே போய் நின்றாள், ஜன்னலைப் பார்த்துக் கையை உயர்த்தினாள், பட்டனை அமுக்கினாள். ஆறு வரிசையும் நின்றது. பச்சை மனிதன் வந்தான். வில்மா தாண்டவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பின்னாலிருந்த லாரிகள் ஹாரன் அடித்தன.

கிளாரி பல்செட் கழன்று விழாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கெரின் நோட்டை எடுத்தாள். பச்சை மனிதனுக்கு இன்னும் பத்து விநாடி, என்று எழுதினாள். அடுத்த வரியில், லாரிக்காரர் சங்கம் போன் போடும், என்று எழுதி முடிப்பதற்குள் வெளியே வில்மா மறுபடியும் பட்டனை அமுக்கினாள்.