சுவரிலிருந்து கிழித்த படம்

மகள் ரஞ்சனி என் எதிரில் வந்து நின்றாள். கையில் பசை ஈரம் காயாத காகிதம். கிழிந்ததுபோக அதில் மிஞ்சியிருந்தது என் வீட்டுக்காரரின் மீசையும் ஒரு கண்ணும். அவள் நீட்டியதும் பழக்கதோஷத்தில் வாங்கிவிட்டேன். வாங்கியிருக்கக் கூடாது. வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

எட்டு வயதாகியும் அவளுக்குப் பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்றார்கள். அரியூர்ப் பக்கம் ஒரு சென்டரில் லில்லி மிஸ்தான் படங்களைக் கொடுத்துக் கேட்கப் பழக்கினார். தண்ணீர் படத்தைக் கொடுத்தால் தண்ணீர், ஊஞ்சல் படத்தைக் கொடுத்தால் ஊஞ்சல். "படத்த வாங்கிட்டீங்கன்னா கேட்டத குடுத்தே ஆவணும்கா. ஏமாத்துனா அப்புறம் படத்தையே நம்பாது" என்பார். சுவரில் தலையை மோதிக்கொண்டிருந்த பிள்ளை அப்படித்தான் அடங்கியது. அப்பா படத்தை நீட்டினால் நான் போன் போடுவேன். சுகுமார் எங்கே இருந்தாலும் பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார்.

போன வாரம் லாரி மோதிப் போய்விட்டார். அவரை எடுத்த அன்றே அந்தப் படத்தை ஒளித்துவைத்தேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு. அதற்குள் கொழுந்தன் புகழ்வேந்தன் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்துப் பாகூர் வரைக்கும் ஒட்டிவிட்டான். ரேஷன் கார்டுக்குக்கூட ஒழுங்காகப் படம் எடுத்துக்கொள்ளாத மனிதர், இப்போது ஊர்ச் சுவரெல்லாம் அவர் முகம்.

"போஸ்டர எல்லாம் எடுத்துடு புகழு. புள்ள கிழிச்சாந்து அப்பாவ கேக்குது."

"இன்னா அண்ணி பேசுற? காரியம்கூட முடியல. அண்ணன் மூஞ்சிய நானே கிழிக்கறதா?" என்றவன் அழுதுவிட்டான்.

இருட்டும்வரை அவள் வாசலை விட்டு நகரவில்லை. உதடு காய்ந்திருந்தது. தண்ணீர் படத்தை எடுத்துக் கொடுத்தேன், தட்டிவிட்டாள். பிறகு தலையைச் சுவரில் மோத ஆரம்பித்தாள். மறுபடியும் முதலிலிருந்தா? இருந்த ஒரே பேச்சும் போய்விட்டால் இவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

மறுநாள் ஆளைக் காணோம். பதறிக்கொண்டு ஓடினேன். சோரியாங்குப்பம் பஸ் ஸ்டாப்பில், ஆள் உயரத்துக்குக் கட்டியிருந்த பேனர் முன்னால் நின்றிருந்தாள். நகத்தால் பிறாண்டிப் பார்த்திருக்கிறாள். பிளெக்ஸ் எங்கே கிழியும்? வெள்ளைச் சட்டையில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் ஓடி வந்து மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போனாள். என் விரல்களை விரித்து, உள்ளங்கையை அவர் முகத்தின் மேல் அழுத்தி வைத்தாள். பிளெக்ஸ் வெயிலில் சூடேறியிருந்தது. கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் அதற்குள் பைக் வரும் பாகூர் சாலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.