ஒரு வாய் பார்லிக் கஞ்சி

கோர்ட்ரைக் பட்டணத்து ஆற்றங்கரையில் எங்கள் பெண்கள் மடம். கம்பளி அலசிப் பிழைக்கிறோம். வருஷத்துக்கு ஏழு முறைதான் பூசையில் நன்மை வாங்கலாம், ஆண்டவரின் உடலாகிற அந்த அப்பத்தை. அதற்கு முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கக் கூடாது.

நன்மை வாங்கியதும் மற்றவர்கள் அழுவார்கள். ஆண்டவர் உள்ளே வந்து கலந்துவிட்டார் என்று சிலர் சுருண்டே விழுவார்கள். என்னோடு கம்பளி அலசுகிற ஊடாவுக்கு மட்டும் பன்னிரண்டு வருஷமாக அப்பத்தின் மாவு ருசிதான்.

நன்மை வாங்குகிற பெந்தெகொஸ்தே திருநாளுக்கு முந்தின நாள், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு சொன்னாள்.

"அக்கா, நெஞ்சுக்குள்ள என்னமோ சுடுது."

"பசியா இருக்கும்."

"பசிய எனக்குத் தெரியாதாக்கும். இது அவருதான். நாளைக்கு வந்துருவாரு."

மறுநாள் காலை, படுக்கையில் கிடந்த கிழவி மபேலிக்குக் கஞ்சி ஊட்டுவது ஊடாவின் முறை. சூடு பார்க்க ஒரு கரண்டியை வாயில் வைத்தாள். தினமும் செய்வதுதான், கை தானாகப் போய்விட்டது. நான் கிழவிக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, முழுங்கிட்டேன்."

"எவ்வளவு?"

"ஒரு வாய்."

"நான் பாக்கல. பேசாம வா."

"அவரு பாத்தாரே."

"பன்னெண்டு வருஷமா உன்னத் திரும்பிப் பாக்காதவரு, இன்னிக்குக் கஞ்சியத்தான் பாக்கப் போறாராக்கும்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் விறகு அடுக்கின் பின்னால் போய்த் தொண்டைக்குள் விரலை விட்டாள். எச்சில்தான் வந்தது. கோவில் மணி அடித்தது.

"அடுத்தது எப்பக்கா?"

"ஆகஸ்ட்டுல, மாதா திருநாளுக்கு."

"அதுவரைக்கும் இந்தச் சூடு நிக்காது."

வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள். சாமியார் கையை நீட்டியதும் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். திரும்பி வந்து மண்டியிட்டவளைக் கவனித்தேன். தொண்டை அசையவில்லை. கஞ்சி கிடக்கிற வயிற்றுக்குள் ஆண்டவரை இறக்கப் பயந்து நாக்கிலேயே வைத்திருந்தாள்.

சுற்றிலும் அழுகை ஆரம்பித்தது. அவள் தாடையை இறுக்கிக்கொண்டு இருந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. பூசை முடிந்தது, பெண்கள் எழுந்து போனார்கள். அவள் எழவில்லை.

பக்கத்தில் போய்க் குந்தினேன். அப்போதுதான் வாயைத் திறந்து காட்டினாள். நாக்கு வெறுமையாக இருந்தது.

"நான் முழுங்கலக்கா. அதுவா கரைஞ்சு போச்சு."

"அவரு வந்தாரா?"

என் கையை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

"நீயே பாரு. எனக்குத் தெரியல. இருக்காரான்னு நீ பாத்துச் சொல்லு."

ஓடி வந்த மாட்டுக்கு அடிப்பதுபோல நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. வேறொன்றும் என் கைக்குத் தெரியவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையை எடுக்கவில்லை.