இளமதி சொல்லி முடிக்கட்டும்

1

இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல, ஒருத்தி கேட்டதால் எழுதுவது. பக்கத்து வீட்டு இளமதி போன வாரம் வந்து நின்றாள். "அக்கா, நீங்க கத எழுதுறவங்கதான? டாக்டருகிட்ட நான் பேச வேண்டியத நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. நான் பாதியில வுட்டுடுவேன்."

வயது இருபத்து மூன்று. செராமிக் கம்பெனியில், அச்சிலிருந்து எடுத்த யானைப் பொம்மைகளுக்குப் பிசிறு சுரண்டுகிறாள். கவனக் குறைபாடு என்று காலேஜிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். கழுத்திலிருந்து தோள்வரை இழுக்கும் வலிக்கு மட்டும் யாரும் பேர் வைக்கவில்லை. ஸ்கேனில் ஒன்றும் இல்லையாம். அவள் அப்பா ராஜாங்கம் தீர்த்துச் சொல்லிவிட்டார்: "இதான் கடைசி டாக்டரு. இவங்களும் ஒண்ணுமில்லன்னுட்டா, வலின்ற பேச்சே வூட்ல எடுக்கக் கூடாது."

2

முதல் தொடக்கம்: 'விருத்தாசலத்துச் சூளைகளின் வெப்பத்தில்...'

அடித்துவிட்டேன். இந்த ஊர் என்றாலே பேனா சூளைக்குள் போய் விழுகிறது. அவளுக்கு வலிப்பது கழுத்து ஐயா, கழுத்து!

இரண்டாவது: 'இளமதி ஒரு மறதிக்காரி. அவள்'

இதுவும் வேண்டாம். ஊர் சொல்வதையே நானும் சொல்வதற்கு நான் எதற்கு?

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது, இங்கேயே கிடக்கட்டும்: கவனக் குறைபாடு உள்ள இளைஞர்கள் பலருக்குத் தீராத உடல்வலியும் சேர்ந்தே இருக்கிறதாம். எது எதை இழுத்து வருகிறது என்பது இன்னும் முழுதாகத் தெளியவில்லை. கடலூர் டாக்டர் சாதிகா இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர் என்று கேள்விப்பட்டுத்தான் இளமதி அங்கே பதிவு செய்தாள்.)

3

என் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. குனிந்த தலை நிமிராமல் அரை நாள் சுரண்டுகிறாளே, அப்போது வலி எங்கே போனது? கம்பெனி மேஸ்திரியும் அதையேதான் கேட்கிறாராம்: "பொம்ம சுரண்டுறப்ப வலிக்கல, பொட்டி தூக்கச் சொன்னா மட்டும் வலிக்குதா?"

அவளிடமே கேட்டுவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"வலி இல்லாம இல்லக்கா. எனக்குத் தெரியாது. பசிகூடத் தெரியாது. எழுந்திரிக்கும்போதுதான் மொத்தமா... அந்தப் பூன எங்கக்கா போச்சு? இப்ப இங்கதான இருந்துச்சு?"

பூனை சன்னலேறிப் போய்விட்டது. வாக்கியமும் அதன் பின்னாலேயே போய்விட்டது. மீதியை நான் எழுதிக்கொண்டேன், அழகாக.

4

எழுதியதைப் படித்துக் காட்டினேன். தொடக்கம், நடு, முடிவு என்று கச்சிதமாக இருந்தது. எனக்குள் கொஞ்சம் பெருமைகூட.

"நல்லாத்தான் இருக்குது" என்றாள். "ஆனா இத அப்படியே சொன்னா, இவ்ளோ கோர்வையா பேசுற, உனக்கென்ன கொறன்னு கேப்பாங்க. நானா பேசுனா, வலி எங்கன்னே சொல்லத் தெரியல, நடிக்குறான்னுவாங்க. நான் என்னதான்க்கா பண்றது?"

தாளை மறுபடி பார்த்தேன். நான் எழுதிய பக்கத்தில் வலி இருந்தது, இளமதி இல்லை.

"வேணாம்க்கா, நானே சொல்லிக்கிறேன். நீங்க கூட மட்டும் வாங்க."

5

முடிவுகள் இரண்டு தயாராக இருந்தன.

அ) டாக்டர் நம்புகிறார், ராஜாங்கம் கண் கலங்குகிறார். சே, சர்க்கரைப் பாகு.

ஆ) டாக்டர் நம்பவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது இளமதி

எழுதக் கை வரவில்லை.

நடந்தது இவ்வளவுதான். கடலூரில் அவளுக்கு ஒரு பக்கம் ராஜாங்கம், ஒரு பக்கம் நான். டாக்டர் சாதிகா, "சொல்லும்மா" என்றார்.

"கழுத்துல ஆரம்பிச்சு... இல்ல மேடம், வேலை செய்யுறப்ப தெரியாது. அப்புறமா..."

நின்றுவிட்டாள். பார்வை ஃபேனுக்குப் போய்விட்டது. வெளியே அடுத்த பெயரைக் கூப்பிடுவது கேட்டது. டாக்டரின் கண் ஒருமுறை கதவுப் பக்கம் போய் வந்தது. "அது வந்துங்க மேடம்" என்று ராஜாங்கம் வாயெடுத்தார். நான் அவர் கையை அழுத்திப் பிடித்தேன். எனக்கும் நாக்கு துறுதுறுத்தது. மீதி வாக்கியம் எனக்கு மனப்பாடம், நானே எழுதியதாயிற்றே. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

முடிவை உங்களிடம் விடுகிறேன். டாக்டரின் நாற்காலியில் இப்போது நீங்கள்தான் இருக்கிறீர்கள். தயவுசெய்து அவளுக்காக முடித்துவைக்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். ஃபேனை விட்டு அவள் கண் இறங்கி வருகிறது.

"அப்புறமா மேடம், எழுந்திரிக்கும்போது